கிராமத்துச் சிற்பியும் நகரத்துக் கண்காட்சியும்

(செஞ்சிக் கோட்டையின் அடிவாரத்தில் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



செஞ்சியில் கல்லைப் பற்றிப் பேச முற்படுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதற்கு ஒப்பாகும். இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும், அவற்றை இணைக்கும் மதிலையும் நாள்தோறும் கண்டு வாழ்பவர்கள் நீங்கள். உங்கள் வயல் வரப்பிலும் கிணற்றுக் கரையிலும் பாறை நிற்கிறது. ஆயினும் இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது கல்லைப் பற்றி மட்டும் அன்று; அக்கல்லைச் செதுக்கும் கையைப் பற்றியதாகும். நமது கிராமத்துச் சிற்பி தமது வேலையை எடுத்துக்கொண்டு நகரத்துக் கண்காட்சிக்குச் செல்லும்போது என்ன நேர்கிறது, அவருக்குப் பஞ்சாயத்து செய்யக்கூடிய உதவி யாது என்பவையே இன்றைய பொருள்.

கல் சென்றது, பெயர் செல்லவில்லை

புதுச்சேரிக் கடற்கரைக்குச் சென்றவர்கள் அங்குள்ள காந்தியடிகளின் சிலையைக் கண்டிருப்பீர்கள். அதனைச் சுற்றி வேலைப்பாடு நிறைந்த எட்டுக் கருங்கல் தூண்கள் நிற்கின்றன. அவை செஞ்சியிலிருந்து பெயர்த்துக் கொண்டு செல்லப்பட்டவை என்பது வழிவழியாக வரும் செய்தி. 1750-ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் படையினர் இக்கோட்டையைப் பிடித்தனர். 1761-இல் அது ஆங்கிலேயர் வசமாயிற்று. கோட்டையைப் பிடித்தவர் யார், இழந்தவர் யார் என்பதைச் சரித்திரம் விரிவாகக் கூறுகிறது. தேசிங்கு ராஜன் 1714-இல் போரிட்டு மாண்டதை நமது ஊர்களில் கதைப் பாடலாகவே பாடி வந்தனர். ஆனால் அந்தத் தூண்களைச் செதுக்கியவர் யார் என்று கேட்பாரும் இல்லை, சொல்வாரும் இல்லை. செஞ்சிக் கல் நகரத்தைப் பார்த்தது. செஞ்சிச் சிற்பியின் பெயர் நகரத்தைப் பார்க்கவில்லை.

இது புதிய குறையன்று. செஞ்சியிலிருந்து விழுப்புரம் செல்லும் வழியில் மண்டகப்பட்டு இருக்கிறது. அங்குள்ள குடைவரைக் கோயிலை ஏழாம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் அமைத்தான். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகிய எவையும் இன்றி மும்மூர்த்திகளுக்கும் கோயில் எடுத்ததாக அங்குள்ள கல்வெட்டில் அம்மன்னன் பெருமிதத்துடன் பொறித்துள்ளான். அவனது பட்டப்பெயர் அதில் இருக்கிறது. பாறையைக் குடைந்தவர்களின் பெயர் இல்லை.

எல்லா இடங்களிலும் இவ்வாறே நடந்தது என்று சொல்வதற்கில்லை. 1010-ஆம் ஆண்டில் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டில் குஞ்சரமல்லன் இராஜராஜப் பெருந்தச்சன் என்னும் தலைமைத் தச்சரின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில், கல் வெட்டியெடுத்த பாறை ஒன்றின்மீது சில தச்சர்களின் பெயர்கள் காணப்படுகின்றன. கேவாத பெருந்தச்சன் என்பது அவற்றுள் ஒன்று. மன்னன் பொறிக்காவிடினும் தச்சர்கள் தங்கள் உளியாலேயே தங்கள் பெயரை நிலைநாட்டினர் போலும். பெயர் என்பது வீண் பெருமைக்குரியது என்று எண்ணிவிடக் கூடாது. பெயர் தெரிந்தால்தான் அடுத்த வேலையைத் தேடிக்கொண்டு ஆள் வருவார். பெயரில்லாத வேலைக்குக் கூலி உண்டு, மதிப்பு இல்லை.

நாம் உடன்சென்ற ஒரு பயணம்

சில ஆண்டுகளுக்கு முன் இவ்வட்டாரத்துச் சிற்பி ஒருவருடன் சென்னையில் நடந்த ஒரு கண்காட்சிக்கு நாம் சென்றுவந்தோம். அவருடைய தந்தையார் ஊர் ஊராகச் சென்று அம்மி கொத்தியவர். ஆட்டுக்கல்லும் உரலும் செய்து சந்தையில் விற்றவர். மின்சார அரைவை இயந்திரம் வீடுதோறும் வந்தபின் அத்தொழில் தேய்ந்தது. மகன் மாமல்லபுரத்துப் பட்டறை ஒன்றில் கோயில் வேலை கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார். கோயில் திருப்பணி கிடைக்கும்போது சிற்பி. கிடைக்காதபோது வேலிக்குக் கல் உடைக்கும் கூலியாள். இதுவே அவரது வாழ்க்கை.

கண்காட்சிக்காக மூன்று வேலைகளை அவர் தேர்ந்தெடுத்தார். படுத்திருக்கும் நந்தி ஒன்று. சிறு யானை ஒன்று. முறத்தில் நெல் புடைக்கும் பெண் ஒன்று. முதலிரண்டும் அளவுநூல் வழுவாமல் செய்தவை. மூன்றாவது அவரே கண்டு செய்தது. களத்து மேட்டில் தம் தாயார் புடைத்த கோலம் அது என்றார்.

கருங்கல்லின் எடையை உழவர்களுக்கு எளிதில் விளக்கிவிடலாம். ஒரு கன அடிக் கருங்கல் ஏறத்தாழ 75 கிலோ, அதாவது நமது ஊரில் ஒரு மூட்டை நெல்லின் எடை. நந்தி மட்டுமே ஒன்றரை மூட்டைக்குக் குறையாது. தனி வண்டி அமர்த்த வசதியில்லை. அரிசி மூட்டை ஏற்றிச் சென்ற லாரி ஒன்றில் இடம் கேட்டு, சிலைகளை வைக்கோலில் பொதிந்து, சாக்கில் கட்டி ஏற்றினோம். திண்டிவனம் வழியாகச் சுமார் 150 கிலோமீட்டர். இறக்கும்போது நந்தியின் கொம்பு நுனி சிறிது சிதைந்திருந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் பையிலிருந்து அரத்தையும் சிறு உளியையும் எடுத்து, இரு கொம்புகளையும் ஒத்த அளவில் குறைத்துச் சீர்செய்தார். அதற்கு அன்றிரவு முழுவதும் ஆயிற்று.

மறுநாள் காலை கண்காட்சி திறந்தது. சுவர்கள் வெள்ளை வெளேரென்று இருந்தன. ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி விளக்கு. தம் சிலைகள் அவ்வாறு நிற்பதைக் கண்டு அவர் முகம் மலர்ந்தது. அருகில் ஒரு சிறு அட்டை ஆங்கிலத்தில் எழுதி வைக்கப்பட்டிருந்தது. அவருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது.

"இதில் என் பெயர் எங்கே இருக்கிறது, ஐயா?" என்று எம்மைக் கேட்டார்.

அட்டையில் கல்லின் வகை இருந்தது, செஞ்சி என்னும் ஊர்ப்பெயர் இருந்தது, எடையும் இருந்தது. அவர் பெயர் இல்லை. பொறுப்பாளரிடம் விசாரித்தோம். "நீங்கள் அனுப்பிய படிவத்தில் இருந்ததைத்தான் எழுதினோம்" என்றார் அவர். உண்மைதான். அந்தப் படிவத்தை நிரப்பியவர்கள் நாமே. கல்லையும் ஊரையும் எடையையும் கவனமாக எழுதிய நாம், செய்தவர் பெயரை எழுத மறந்திருந்தோம். சுமார் ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் மன்னன் செய்ததை அன்று நாமும் செய்தோம் என்பதை இக்கூட்டத்தில் ஒப்புக்கொள்வதே முறை. அட்டை அன்று மாலையே மாற்றப்பட்டது. ஆனால் அவர் கேட்ட கேள்வி எம்மை விட்டு அகலவில்லை.

விலையிலும் ஒரு பாடம் கிடைத்தது. நந்தியை விரும்பிய ஒருவர் விலை கேட்டார். சிற்பி கல்லின் விலையையும் தம் நாட்கூலியையும் கூட்டிச் சொன்னார். லாரிக் கூலி, உளி தீட்டிய செலவு, நகரத்தில் தங்கிய செலவு, வேலையின்றிப் போன நாட்கள் ஆகிய எவற்றையும் கணக்கில் சேர்க்கவில்லை. நந்தி விற்றது, செலவு போகக் கையில் நின்றது சொற்பமே. யானையும் விலைபோயிற்று. நெல் புடைக்கும் பெண்ணைப் பலர் நின்று பார்த்தனர், புகைப்படம் எடுத்தனர், வாங்குவார் இல்லை.

கடைசி நாளன்று முற்றத்தில் அமர்ந்து அவர் ஒரு சிறு கல்லைச் செதுக்கத் தொடங்கினார். உளியோசை கேட்டதும் உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் வெளியே வந்துவிட்டனர். கல்லை எவ்வாறு தேர்கிறீர்கள் என்று ஒருவர் கேட்டார். தட்டிப் பார்த்து ஓசையால் அறிவோம் என்றார் சிற்பி. கனத்த மணியோசை தருவது ஆண் கல். வெண்கலத் தாளம்போல் ஒலிப்பது பெண் கல். ஓசையற்றது மூன்றாம் வகை. ஆண் தெய்வத்துக்கு ஆண் கல்லும், அம்மனுக்குப் பெண் கல்லும் கொள்வது மரபு என விளக்கினார். முகத்தின் நீளத்தை ஒரு தாளமாகக் கொண்டு உடல் முழுவதையும் அளக்கும் முறையையும், பெருந்தெய்வத்தின் உயரத்தை 124 கூறுகளாகப் பகுக்கும் கணக்கையும் காவிக்கட்டியால் தரையில் கோடிட்டுக் காட்டினார். படித்த நகரத்தார் பாடம் கேட்கும் மாணவர்களைப்போல் நின்றனர். சரக்கு விற்க வந்தவராக நுழைந்தவர், ஆசிரியராகத் திரும்பினார்.

பனி நாட்டவர் கண்ட வழி

இத்தகைய நிலை நமக்கு மட்டும் உரியதன்று. கனடா நாட்டின் வடகோடியில், ஆண்டின் பெரும்பகுதி பனி மூடிய நிலத்தில் இனுவிட் என்னும் பழங்குடி மக்கள் வாழ்கின்றனர். வேட்டையே அவர்களது பழைய தொழில். நமது கற்சட்டிக்கு உதவும் மாக்கல்லைப் போன்ற மென்மையான கல்லிலும், தந்தத்திலும், எலும்பிலும் விலங்குகளையும் மனிதர்களையும் செதுக்குவது அவர்களுடைய கைப்பழக்கம். 1948-இல் ஜேம்ஸ் ஹூஸ்டன் என்னும் இளம் ஓவியர் அங்குச் சென்று அவ்வேலைகளைக் கண்டு வியந்து சிலவற்றைக் கொண்டுவந்தார். மறு ஆண்டு நவம்பர் மாதத்தில் மாண்ட்ரியல் நகரத்துக் கைத்தொழிற் சங்கம் அவற்றை விற்பனைக்கு வைத்தது. மூன்றே நாட்களில் அனைத்தும் விற்றுத் தீர்ந்தன. 1953-இல் லண்டன் மாநகரத்துக் கலைக்கூடம் ஒன்றிலும் அவை காட்சிக்கு வைக்கப்பட்டன.

ஆனால் அங்கும் பெயர்க்குறை இருந்தது. அந்நாட்டு அரசாங்கம் அம்மக்களைக் கணக்கெடுக்க ஒவ்வொருவருக்கும் எண் பொறித்த வில்லை ஒன்றைக் கொடுத்திருந்தது. சிற்பிகள் பலர் தம் வேலையின் அடியில் பெயருக்குப் பதிலாக அவ்வெண்ணையே பொறித்தனர். காலப்போக்கில் நிலைமை மாறிற்று. கள்ளச் சரக்கைத் தடுக்க 1958-இல் அரசாங்கம் ஓர் அடையாளச் சீட்டை ஏற்படுத்தியது; பனிக்குடிலின் படம் பொறித்த அச்சீட்டு, இது இனுவிட் கையால் செய்தது என்பதற்குச் சான்றாயிற்று. 1959-இல் கேப் டார்செட் என்னும் ஊரில் அவர்களே உறுப்பினர்களாக ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. வேலைகளைச் சேர்த்து, பொதிந்து, தொலைதூர நகரங்களுக்கு அனுப்பி, பணத்தை ஊருக்குக் கொண்டுவரும் பொறுப்பைச் சங்கம் ஏற்றது. எண்ணாக இருந்தவர்கள் பெயருடையவர்களாயினர்.

இதனினும் அண்மையிலுள்ள சான்று மாமல்லபுரம். அங்கு 1957-இல் அரசாங்கம் சிற்பப் பள்ளியைத் தொடங்கியது. பின்னர் அது கல்லூரியாக வளர்ந்தது. தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் சென்ற கல்வி, விரும்பிப் பயில வரும் யாவருக்கும் உரியதாயிற்று. அக்கல்லூரியை நடத்தியவர்களுள் ஒருவரான கணபதி ஸ்தபதி அவர்கள் தலைமையில் உருவானதே கன்னியாகுமரிக் கடலில் நிற்கும் 133 அடி உயரத் திருவள்ளுவர் சிலை. அது 2000-ஆம் ஆண்டின் முதல் நாளில் திறக்கப்பெற்றது. 2015-இல் உலகக் கைவினைக் குழு மாமல்லபுரத்தைக் கற்சிற்ப நகரமாக அறிவித்தது. 2017-இல் அவ்வூர்க் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அக்குறியீடு அவ்வூருக்கு உரியது; செஞ்சிச் சிற்பி அதனைப் பயன்படுத்த இயலாது. நமது வேலைக்கு நமது பெயரையே நாம் தேடிக்கொள்ள வேண்டும்.

பஞ்சாயத்து செய்யக்கூடியவை

உழவர் பெருமக்களே! உங்கள் நெல்லையும் மணிலாவையும் செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்குக் கொண்டு செல்கிறீர்கள். அங்கே உங்கள் கண்முன் எடை போடுகின்றனர்; விலை கூறுகின்றனர்; உங்கள் பெயருக்குச் சீட்டு எழுதுகின்றனர். இம்முறை வருவதற்கு முன் உழவர்கள் பட்ட பாட்டை உங்கள் வீட்டு முதியவர்கள் கூறக் கேட்டிருப்பீர்கள். எடையும் சீட்டும் இல்லாத காலத்து உழவர் நிலையிலேயே நமது சிற்பி இன்றும் இருக்கிறார். அவருக்காகப் பஞ்சாயத்து செய்யக்கூடியவற்றைச் சுருக்கமாகக் கூறுகிறோம்.

முதலாவது, ஊரிலுள்ள கல்வேலைக்காரர்கள் எத்தனை பேர், யார் எந்த வேலையில் வல்லவர் என்று ஒரு பதிவேடு எழுதுங்கள். சிலை செய்பவர் மட்டுமன்றி, உரல் செய்பவர், கல் தூண் பிளப்பவர் ஆகிய அனைவரும் அதில் இடம்பெற வேண்டும். மத்திய அரசின் கைவினைப்பொருள் வளர்ச்சி ஆணையர் அலுவலகம் கைவினைஞர்களுக்கு அடையாள அட்டை வழங்குகிறது. விண்ணப்பம் எழுதத் தெரியாதவருக்கு உறுப்பினர் ஒருவர் அருகிலிருந்து எழுதிக் கொடுத்தால் போதும். பாதி வேலை முடிந்துவிடும். 1973-இல் தொடங்கப்பெற்ற தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகமாகிய பூம்புகார் நிறுவனத்தையும் அணுகலாம்.

இரண்டாவது, நான்கைந்து சிற்பிகள் ஒன்றுகூடி ஒரே வண்டியில் செல்ல ஏற்பாடு செய்யுங்கள். ஒருவர் தனியே தாங்க இயலாத வண்டிக் கூலி, ஐவர் பகிர்ந்தால் தாங்கக்கூடியதாகும். மரச்சட்டமிட்ட பெட்டிகளை ஒருமுறை செய்துவிட்டால் பலமுறை பயன்படும். சிறு வேலைகளையும் உடன் கொண்டு செல்வது நலம். கையில் தூக்கிச் செல்லக்கூடிய இடிகல்லும் சிறு விளக்கும் விற்கும் பணத்தில் பெரிய சிலை காத்திருக்கலாம்.

மூன்றாவது, எழுத்தில்லாமல் எதையும் ஒப்படைக்கக் கூடாது. எத்தனை வேலைகள் கொடுக்கப்பட்டன, விலை என்ன, விற்றால் கழிவு எவ்வளவு, எப்போது பணம் தருவர், விற்காவிடில் திருப்பி அனுப்பும் செலவு யாருடையது, வழியில் உடைந்தால் பொறுப்பு யாருக்கு என்னும் ஆறு கேள்விகளுக்கும் தமிழில் எழுதிய சீட்டு வேண்டும். ஒவ்வொரு வேலையின் அடியிலும் செய்தவர் பெயர், ஊர், ஆண்டு மூன்றும் பொறிக்கப்பட வேண்டும்.

நான்காவது, ஊரே முதலில் வாங்க வேண்டும். பள்ளிக்குப் பெயர்க்கல், ஏரிக் கரைக்கு எல்லைக்கல், மரத்தடிக்குக் கல் இருக்கை என்று பஞ்சாயத்துக்கு எத்தனையோ தேவைகள் உள்ளன. இவற்றுக்கு நகரத்திலிருந்து மெருகிட்ட பலகையை வரவழைக்கும் நாம், உள்ளூர்ச் சிற்பியை நகரத்தார் ஆதரிக்கவில்லை என்று குறைகூறுவது பொருந்துமா?

கற்றூசி என்னும் பகை

ஐந்தாவதாகக் கூறவேண்டியது எல்லாவற்றினும் முக்கியமானது. கருங்கல்லைச் செதுக்கும்போது எழும் தூசியில் கண்ணுக்குப் புலப்படாத சிலிக்காத் துகள்கள் இருக்கின்றன. அவை நுரையீரலின் உட்புறத்தில் தங்கி வடுவை உண்டாக்குகின்றன. முதலில் இருமல், பின்னர் மூச்சிரைப்பு, பின்னர் நான்கடி நடக்கவும் இயலாமை. இந்நோய்க்கு சிலிக்கோசிஸ் என்று பெயர். வந்தபின் குணமாக்கும் மருந்து இல்லை. காசநோய் எளிதில் பற்றுவதற்கும் அது வழிசெய்கிறது. இத்தூசி நுரையீரல் புற்றுநோயையும் விளைவிக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1997-இல் அறிவித்தது. உளியும் சுத்தியும் மட்டும் இருந்த காலத்தைவிட, மின்சார அறுவைச் சக்கரம் வந்தபின் தூசி பன்மடங்கு பெருகிவிட்டது. மூன்று நாள் வேலை மூன்று மணியில் முடிகிறது. அத்தனை தூசியும் அந்த மூன்று மணியில் மூக்கில் ஏறுகிறது.

தடுக்கும் வழிகள் எளியவை. கல்லை நனைத்துக்கொண்டே அறுக்க வேண்டும். துண்டால் மூக்கைக் கட்டுவது போதாது. நுண்துகளைத் தடுக்கும் முகமூடி வேண்டும். உலர்ந்த தூசியைத் துடைப்பத்தால் பெருக்காமல் தண்ணீர் தெளித்துக் கழுவ வேண்டும். வேலை செய்த உடையுடன் வீட்டுக்குள் சென்று குழந்தையைத் தூக்கக் கூடாது. வீடுகளுக்குச் சற்று விலகி, காற்றோட்டமும் தண்ணீர்க் குழாயும் உள்ள ஒரு பொதுக் கொட்டகையைப் பஞ்சாயத்து அமைத்துத் தந்தால், அது பல குடும்பங்களின் மூச்சைக் காத்ததாகும். ஆண்டுக்கொருமுறை மார்புப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்வதும் கடினமன்று. சிற்பத்தைக் காப்பாற்றச் சிற்பியை இழப்பது அறிவுடைமை ஆகாது.

செஞ்சிக்கு வந்துள்ள வாய்ப்பு

2025-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் செஞ்சிக் கோட்டை, மராட்டிய இராணுவ நிலப்பரப்புகள் என்னும் பெயரால் மகாராஷ்டிரத்துக் கோட்டைகள் பதினொன்றுடன் சேர்ந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. இனி வெளியூராரும் வெளிநாட்டாரும் இங்கு வருவர். நமது சிற்பி நகரத்துக்குச் சென்ற காலம் போய், நகரமே நமது ஊருக்கு வரும் காலம் நெருங்குகிறது. வருபவர்கள் திரும்பும்போது கையில் எடுத்துச் செல்வது எங்கோ வார்த்த பொம்மையாக இருக்க வேண்டுமா, இவ்வூர்க் கையால் செய்த கல்விளக்காக இருக்க வேண்டுமா என்பதை முடிவு செய்ய வேண்டியவர்கள் நீங்களே.

அதே வேளையில் ஒன்றை மறவாதிருங்கள். பாதுகாக்கப்பட்ட சின்னங்களைச் சுற்றி 100 மீட்டர் வரை தடைசெய்யப்பட்ட பகுதி. அதற்கப்பால் 200 மீட்டர் வரை கட்டுப்பாட்டுக்குரிய பகுதி. இது 2010-இல் திருத்தப்பெற்ற சட்டம். வேறு இடங்களிலும் அனுமதி பெற்ற குவாரியிலிருந்தே கல் எடுக்க வேண்டும். திருநாதர்குன்றத்துப் பாறையில் இருபத்து நான்கு தீர்த்தங்கரர்களையும், சிங்கவரத்துக் குன்றில் பள்ளிகொண்ட பெருமாளையும் செதுக்கிவைத்த முன்னோர்களின் பாறையை வெடிவைத்துப் பிளந்து சிற்பக்கலையை வளர்க்க முடியாது.

இறுதியாக ஒரு செய்தி. நெல் புடைக்கும் பெண்ணின் சிலை அன்று விற்காமல் அதே வைக்கோலில் பொதிந்து ஊர் திரும்பிற்று என்று கூறினோம் அல்லவா? திரும்பிய மறுநாள் அச்சிற்பி அதன் பீடத்தில் தம் பெயரையும் ஊரையும் பொறித்தார். அவற்றின் கீழே தம் தாயார் பெயரையும் பொறித்தார். அச்சிலை இன்றும் அவர் வீட்டுத் திண்ணையோரம் நிற்கிறது. உழவர்களுக்குரிய அச்சிலை நிற்கத் தக்க இடம் ஒரு பஞ்சாயத்து அலுவலகத்தின் வாயிலோ, ஒரு பள்ளியின் முற்றமோ, நெல் வந்து குவியும் களமோ என்பது எமது எண்ணம். அவ்விடத்தை அளிக்க எந்தப் பஞ்சாயத்து முன்வரும் என்னும் கேள்வியை உங்கள் முன் வைத்து, எமது உரையை முடித்துக்கொள்கிறோம்.